விண்டோஸுக்குத் தெரியாத பாதி

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். என் வீட்டுக்காரர் கூட என் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

விளாங்குடியில் எங்கள் அப்பா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. என் தம்பி காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. அவன் சும்மா இருப்பானா? ஒரே ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, அப்பா சீட்டு விளையாட ஒரு பாதியில் விண்டோஸ், தனக்கு மறுபாதியில் லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் என்று போட்டுவைத்தான். மைக் வயரை அடுப்படிவரை இழுத்து, அம்மாவை வம்புக்கு இழுத்துப் பேசவைப்பான். இருவர் பேச்சும் பதிவாகும். எல்லாவற்றையும் தன் பாதியில்தான் வைத்திருந்தான்.

திண்டுக்கல் ரோட்டில் பைக்கில் போனவனைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். அழுது ஓய்ந்த பிறகு அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவன் பேசுனதை ஒருக்கா போட்டுக் காட்டுத்தா."

லினக்ஸுக்குள் போனால் பாஸ்வேர்ட் கேட்டது. விண்டோஸில் தேடினால் அப்படியொரு பாதி இருப்பதாகவே காட்டவில்லை. மானிட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று வந்தது. பெங்களூரில் வேலையில் இருந்த தம்பியின் கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"லினக்ஸ் இருக்குற எடத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. ஆனா உள்ள பத்திரமா இருக்கும். பூஜை லீவுக்கு வாரேன், ஒரு சிடி போட்டு எடுத்துத் தாரேன்" என்றான்.

அம்மா அந்த லீவுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூஜை அன்று அந்தக் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போனேன். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்திருந்தது. அப்பா முகத்தில் அத்தனை பெருமை.

"பூஜைக்கு ஊரே சாமானைக் கழுவித் தொடைக்குது, எம் மகன் கம்ப்யூட்டர் மட்டும் தூசியோட கெடக்கணுமா? நேத்து சர்வீஸ்காரரை வரச்சொல்லிப் புதுசாக்கிட்டேன். மகன் வச்சதை அழிச்சிராதீங்கன்னு சொன்னேன், அம்புட்டையும் சிடியில ஏத்திக் குடுத்துட்டாரு. பாதி எடம் என்னன்னே தெரியாம சும்மா கெடந்துச்சாம். அதையும் இதோட சேத்துட்டாரு. இப்ப எம்புட்டு எடம் பாரு தம்பி!"

சொல்லிவிட்டு, அந்த சிடியை என் கையில் கொடுத்து, வந்த பிள்ளைக்கு வடை வாங்கக் கடைக்குப் போனார்.

கூட்டாளி தன் சிடியைப் போட்டுப் பார்த்தான். "ரெண்டையும் ஒண்ணாக்கி மேல எழுதிட்டாங்கக்கா. அவனோட பாதியே இல்ல. போச்சு."

அப்பா கொடுத்த சிடியில் விண்டோஸ் பக்கத்துப் படங்கள் மட்டும்தான் இருந்தன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"வரட்டும் அந்த மனுஷன்! பெத்த பிள்ளைய ரெண்டாந்தரம் கொன்னுட்டாரே!" என்று கத்தினேன்.

"வாய மூடு" என்றாள் அம்மா. "இது தெரிஞ்சா அவரு உசுரோட இருக்கமாட்டாரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

வடைப் பொட்டலத்தோடு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். "கேக்குதா?"

அம்மா தலையாட்டினாள்.

"என்ன சொல்றான்?"

"சாப்டியான்னு கேக்குறான்."

அப்பா கையை நீட்டினார். "எனக்கும் குடு."

அம்மா இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. ஒங்க நெஞ்சு தாங்காது."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார்.