செய்தியில் வராத இடம்

அந்தப் புதருக்கு எங்கள் பக்கத்தில் பெயர் கிடையாது. இடுப்பு உயரம், மங்கலான பச்சை இலை, மிளகு அளவில் வெள்ளைப் பூ. மலேசியாவைத் தவிர வேறெங்கும் வளராது. மலாக்கா மாநிலத்தில் அது இருப்பதாகத் தெரிந்தது இரண்டே இடங்களில். ஒன்று, நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரை. அங்கே ஒன்பது செடிகள். அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் அதைச் சேர்க்கப் பாடுபட்ட தாவர ஆய்வாளர் என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.

"எழுதுங்க சார். ஆனா இடத்தை மட்டும் போட்றாதீங்க. மறுநாளே தோண்டிட்டுப் போய்த் தொட்டியில வச்சு வித்துருவாங்க."

வாக்குக் கொடுத்தேன். 'மாநிலத்தின் ஓர் ஓடைக்கரை' என்று மட்டும் நாளிதழில் எழுதினேன். தோட்டத்திலும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு காலை, கோயிலில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி. ஆளாளுக்கு ஒரு வேலை. இப்போது குடியிருக்கும் புக்கிட் பெருவாங்கிலிருந்து நானும் போனேன். கோயில் தலைவர் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"என்னண்ணே, பேனாவைத் தவிர வேற எதையும் தூக்க மாட்டீங்களா? இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி லா. ஓடைக்கரையில கரகம் ஜோடிச்சுப் பாலிக்கிற இடம் பத்தாது. கரையை அந்த மூலை வரைக்கும் வெட்டிறப் போறோம்."

அந்த மூலையில்தான் செடிகள். அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுத்த வாக்கு தடுத்தது. ஆய்வாளரைக் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. அதற்குள், "அண்ணே, கார் இருக்குல்ல? எல்லாருக்கும் பசியாற நாசி லெமாக் பொட்டலம் வாங்கிட்டு வந்துருங்க" என்றார்கள். கோயில் முன்புறத்தை முடிக்கவே மதியமாகும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது கரை மொட்டையாக இருந்தது. இன்னொரு மெஷினும் வந்திருந்தது. வெட்டுண்ட தண்டுகளைத் தலைவருக்குக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"சொல்லியிருந்தா ஒரு மஞ்சத்துணி கட்டிவிட்டிருப்பேனே அண்ணே. ஒருத்தன் தொட்டிருப்பானா?"

தொட்டிருக்க மாட்டார்கள்.

மாலையில் ஆய்வாளர் அழைத்தார். "காலையில கூப்பிட்டிருந்தீங்களே, என்ன சார்?"

"கோயில்காரங்க கரையை வெட்டிட்டாங்க. அதைச் சொல்லத்தான்."

"பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

காலையில் நான் அவரை அழைத்தபோது ஒன்பது செடிகளும் நின்றுகொண்டிருந்தன.