என்னைப் போலப் பேசிக் காட்டியவள்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரிவு விழா நடந்த அன்று மாலை, தலைமையாசிரியையிடம் போய் அடுத்த வருடம் நான் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவதாக வீட்டில் பேசி முடிவெடுத்திருந்தோம். பேசி முடிவெடுத்தோம் என்பதைவிட, நான் சொல்லச் சொல்ல என் கணவர் தலையாட்டினார் என்பதுதான் சரி. மகனுக்கு இரண்டரை வயது முடிந்திருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் பார்ப்போம், அப்படியும் பேசாவிட்டால் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

சொந்தக்காரர்களிடம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் பையனைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சேத்தூரிலிருந்து அம்மா ஃபோனில் சொன்னாள்: "அங்க தெலுங்கு, இங்க தமிழு. புள்ள எதத்தான் பேசுவான்? பேசாம வேலைய விட்டுட்டு அவன்கூட இரி." எங்கள் தெருவில் எத்தனையோ பிள்ளைகள் இரண்டையும் கலந்துகட்டிப் பேசிக்கொண்டு ஓடுவதை தினமும் பார்க்கிறேன். அம்மா சொல்வது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் ஒருவேளை சரியாக இருந்துவிட்டால் என்ற நினைப்பு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ்ஸில் என்கூடவே வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை நான். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். அந்த வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை என்பதால், பிரிவு விழாவில் பிள்ளைகள் என்னென்ன செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "டீச்சர்மாரைப் போல நடிச்சுக் காட்டட்டும், வேண்டாங்கல. ஆனா யார் மனசும் நோகக்கூடாது. நீங்க பாத்துட்டு விடுங்க" என்றார் தலைமையாசிரியை.

ஒத்திகைக்கு ஆய்வகத்தில் கூடினோம். நடிப்பதெல்லாம் பெரும்பாலும் ஒருத்திதான். சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். உயரமானவள், கடைசி பெஞ்சு. பாடம் நடத்தும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேள்வி கேட்டால் மட்டும் முழிப்பாள்.

முதலில் இயற்பியல் சாரை எடுத்தாள். மின்விசிறி நின்றுபோனதாகப் பாவனை. முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, "கரண்ட் போனா போகட்டும். கரண்டப் பத்திப் படிப்போம்" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த சார் அப்படியே சொல்பவர்தான். அடுத்து தலைமையாசிரியை. வராந்தாவில் நடப்பதுபோல வந்தவள் ஒரு காலி அறை வாசலில் நின்று, "யாரு அங்க பேசுறது?" என்று அதட்டிவிட்டு, அங்கே யாரும் இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும், "ம், இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி நகர்ந்தாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. "இது வேண்டாம். எடுத்திரு" என்றேன்.

"டீச்சர், நீங்களே இப்படிச் சிரிச்சீங்க."

"சரி, அப்ப இருக்கட்டும்." அவர்கள் அடுத்ததற்குப் போனார்கள். கொஞ்சம் கழித்து, "இல்ல, அந்தக் காலி ரூம மட்டும் எடுத்திரு" என்றேன். பிறகு சமோசா சொல்லியாயிற்றா என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்க வந்தபோது, அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி, "பரவால்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

"என்னய யாரும் செய்யலயா?" என்று கேட்டேன்.

"உங்கள்ட்ட செய்யதுக்கு என்ன டீச்சர் இருக்கு" என்றாள் உயரமானவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. ஒரு வருடம் முழுக்க அவர்கள் முன்னால் நின்று பேசியிருக்கிறேன், செய்து காட்ட ஒன்றுமே இல்லையா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

விழா மதியத்துக்கு மேல். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் ஏற்பாடு. மூத்தவர்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டம் வைத்து, ஜிகினா ஒட்டிய காகிதப் பட்டையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். முதல் பீரியடிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பவளுக்கு 'அன்னலட்சுமி'. வீட்டுப்பாடத்தை எப்போது கேட்டாலும் நாளைக்கு என்பவளுக்கு 'நாளை நமதே'. உயரமானவளுக்கு 'சுந்தரபாண்டியம் எக்ஸ்பிரஸ்'. வருடம் முழுவதும் பிரேயர் முடிந்த பிறகுதான் அவள் வந்து சேர்வாள்.

"ஏட்டி, நீ எந்த காலேஜுக்குப் போறே?" என்று எனக்கு முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"எங்கம்மா சொல்லுற காலேஜுக்கு."

"உங்கம்மா எந்த காலேஜச் சொல்றாவ?"

"மொதல்ல பாஸாகு, பொறவு சொல்லுதேன்னு சொல்றாவ."

இதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் உரியதல்ல. பரீட்சை பக்கத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு யார் எங்கே போவார்கள், யாரைப் படிக்க அனுப்புவார்கள், யாருக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பயமெல்லாம் சேர்ந்து சிரிப்பாக வருகிற வயது. நானும் அந்த வயதில் அப்படித்தான் சிரித்திருப்பேன். எதற்காக என்று இப்போது ஒன்றுகூட நினைவில்லை.

நடிப்பு தொடங்கியது. இயற்பியல் சார் தன்னைப் பார்த்துத் தானே கைதட்டினார். காலி அறை வந்தபோது தலைமையாசிரியையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். என் பொறுப்பு முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தபோது, உயரமானவள் ஒரு துப்பட்டாவைச் சேலை முந்தானைபோல இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி மேடைக்கு வந்தாள். கையில் சாக்பீஸ். பிள்ளைகள் அவள் வாயைத் திறக்கும் முன்பே கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்துவார், மீதியை வகுப்பு சேர்ந்து சொல்லும். அவள் எங்களைப் பார்த்து, "மகரந்தச் சேர்க்..." என்று இழுத்தாள். முன்வரிசை வாயைத் திறப்பதற்குள், "கை. வெரிகுட். எல்லாரும் சொல்லிட்டீங்க" என்றாள். "புரிஞ்சுதா? புரிஞ்சுது. சந்தேகம் இருக்கா? இல்ல." பிறகு கரும்பலகையில் எழுதியதாகப் பாவித்ததை அழித்தாள். யோசித்தாள். மறுபடி அதையே எழுதினாள். "இது சரிதான். இல்ல, இருங்க. சரிதான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நான்தான். கையை மடக்கி மோவாயில் வைப்பதுகூட நான்தான். இவர்கள் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்திய நாட்களில், எப்படிக் கவனித்திருக்கிறார்கள்.

பிறகு மணி அடிப்பதுபோல யாரோ டம்ளரைத் தட்டினார்கள். அவள் ஃபோனைக் காதில் வைத்தாள். அது மதிய இடைவேளையில் நான் வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் பேசுவது. பக்கத்து வீட்டு அக்கா ஃபோனை மகன் காதருகே வைப்பாள், நான் பேசுவேன்.

"தங்கம், சாப்டியா? சாப்டியாடா, சமத்து. என்ன சாப்ட்ட? பருப்பு சோறா? காரமா இருந்துச்சா? இல்லயா. சரி. அம்மாவத் தேடுனியா? தேடுனியாடா. அம்மா எப்ப வருவேன்? சாயங்காலம். சரி வைக்கவா? வையுன்னு சொல்லுதியா? சரி, வைக்கேன்."

மூச்சுவிடாமல் சொல்லி ஃபோனைக் கீழே இறக்கினாள். கூடம் அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில ஆசிரியை என் தோளில் தட்டிச் சிரித்தார். என் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. என் மகன் பேசமாட்டான் என்பதை நான் பள்ளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேலியில் துளி விஷம் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறொன்றை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், ஒரு குழந்தை நுழைய அங்கே இடம் எதுவும் இருக்கவில்லை.

முகம் கழுவுவதுபோலக் குழாயடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள், துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு. பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"டீச்சர், கோவமா?"

"இல்லம்மா."

"நான் அப்பவே சொன்னேன்லா, ஃபோன் வேண்டாம்னு" என்றாள் பின்னால் நின்றவள்.

"ஏட்டி, நீதான எம்புட்டு வேகமாப் பேசணும்னு சொல்லித் தந்த?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஏனோ சொன்னேன்: "தம்பி இன்னும் பேச ஆரம்பிக்கல. அதான் நானே ரெண்டு பக்கமும் பேசுறேன் போல."

உயரமானவள் தரையைப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன் டீச்சர்" என்றாள்.

"போட்டதுனாலதான் எனக்குக் கேட்டுச்சு."

அவளுக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். புரிந்தது என்று நானே சொல்லிவிடுவேனோ என்று பயந்து பேசாமல் நின்றேன். பிறகு பின்னால் நின்றவள், "டீச்சர், நீங்க பேசாம இருந்தா பயமாருக்கு" என்றாள். நான்கு பேரும் சிரித்துவிட்டோம்.

தலைமையாசிரியையின் அறையைக் கடந்தபோது அவரே கூப்பிட்டார். "காலைல ஏதோ பேசணும்னீங்களே?"

"பொறகு சொல்றேன் டீச்சர். அவசரமில்ல."

ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். நான் நிறையப் பேசியதால்தான் அவன் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. அம்மாவின் தெலுங்குக் காரணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கிற அவசரம் எனக்கு. ஆனாலும் இதைச் சோதித்துப் பார்க்க வேலையை விட வேண்டியதில்லையே.

அன்று தோசை. மகன் அடுப்படித் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா. முதல் தோசையை முடித்திருந்தான். கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திரும்பி, "இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வேணும்னுதான..." என்று ஆரம்பித்தார் கணவர். கையைக் காட்டினேன்.

"என்ன?"

"செத்த பேசாம இருங்களேன்."

அவன் என் வாயைப் பார்த்தான். அடுத்து அங்கிருந்துதான் அவன் பதில் வர வேண்டும், வழக்கமாக. வரவில்லை என்றதும் அப்பாவின் வாயைப் பார்த்தான். அவர் பள்ளிக்கூடப் பையன்போல உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோசை முறுகும் வாசனை வந்தது. பிறகு தீயும் வாசனை. நான் திரும்பவில்லை. அடுப்படி இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும்; தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ம்" என்றான்.

அடுப்பை அணைத்தேன். தோசை கரிந்துபோயிருந்தது.

"சொன்னான்ல?" என்றார் கணவர், மெதுவாக.

"சும்மா முனகுனானோ என்னமோ."

"நீ கேட்டதுக்குத்தான சொன்னான்."

"அப்படியா சொல்றீங்க?"

அதை ஒரு வார்த்தையாக எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் புன்னகைத்துவிட்டு, தொடர்ந்து பாருங்கள் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேச்சுப் பயிற்சிக்கும் போகிறோம். ஜூனில் நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். செய்தது சரிதானா என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கணவரிடம் கேட்கிறேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரும்பாலும் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

அன்று கரிந்த தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து மாவை ஊற்றினேன். வெந்ததும் அவன் தட்டில் வைத்தேன். "சட்னி ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவன் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தேன். சட்னி தரையில் சொட்டியது. சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.