அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

ஈரச் சாக்கைச் சுருட்டி மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் பல மாதம் போட்டுவைத்துவிட்டு ஒருநாள் விரித்தால் என்ன நாற்றம் வருமோ, அதுதான் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் நாற்றம். வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனியும்போதே அது தொண்டையில் வந்து ஒட்டும், இரண்டு நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும், அதன் பிறகு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று யாருக்கும் சத்தியம் செய்யலாம். நான் செய்தேன்.

இளமைக்கால நினைவுகளை எழுத உட்காருகிறவர்கள் தங்கள் இளமையைத்தான் எழுதுவார்கள். நான் எழுதப்போவது என் மகள் வதனியின் இளமையை, அவளுடைய ஒன்பதாம் பத்தாம் வயதுகளில் வந்த இரண்டு குளிர்காலங்களை. அவளுக்கு அவற்றைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. அவற்றைக் கெடுத்தவன் நான் என்பதால் எழுதும் வேலை என்னுடையது.

யாழ்ப்பாணத்தில் நான் பௌதிகவியல் படிப்பித்தவன். டென்மார்க்கில் துணி ஆலையில் வேலை செய்தாலும் ஹேர்னிங் தமிழருக்கு நான் "மாஸ்ரர்"தான். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் முதுகு தானாக நிமிரும். வீடு சிவப்புச் செங்கல் வீடு. பின்னறையில் எண்ணெயில் எரியும் கொதிகலன் ஒன்று நின்றது. டேனிஷ்காரர் சொல்லும் பெயரைச் சுருக்கி நாங்கள் அதைப் "பூர்" என்போம். எண்ணெய்த் தாங்கி தோட்டத்து மண்ணுக்குள் இருந்தது. பூரில் சூடாகிற தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறையின் சன்னலுக்குக் கீழும் இருக்கும் ரேடியேற்றருக்குப் போகும். ஒவ்வொரு ரேடியேற்றரிலும் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை எண் போட்ட ஒரு திருகி இருக்கும்.

அந்தத் திருகிகளைக் கண்டதும் எனக்கு ஒரு பரிசோதனைச்சாலையே கிடைத்தது போலாயிற்று. ஆள் இருக்கிற இடத்துக்கு மட்டும் சூடு என்று ஒரு விதி செய்தேன். நாங்கள் இருந்து சாப்பிட்டுத் தொலைக்காட்சி பார்க்கும் "ஹோல்" ஐந்தில் எரியும், மற்ற அறைகளெல்லாம் பூச்சியம். ஹோலின் சூடு சும்மா நடந்துபோய் மற்ற அறைகளையும் எட்டட்டும் என்று இடைக்கதவுகளைத் திறந்தே விட்டேன். வதனியின் அறை வடக்குப் பக்கம். அதன் வெளிச்சுவரில் காற்றுப் போய்வர உள்ளங்கை அகலத்தில் ஒரு துவாரம் இருந்தது. வீட்டில் ஓட்டை வைத்துக் கட்டுகிறவன் எவ்வளவு முட்டாளாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நான் இடுப்பில் கட்டிப் பழசான சாரமொன்றைக் கிழித்து அதற்குள் திணித்தேன். கழுவிய உடுப்பு ஹோல் ரேடியேற்றரில் காய்ந்தது, அடுப்பில் பிட்டும் சோறும் அவிந்தன, நான்கு மாதம் ஒரு சன்னலும் திறக்கப்படவில்லை.

சனிக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே எல்லாத் திருகிகளையும் ஐந்துக்குத் திருப்பிவிடுவேன். அவர்கள் கோட்டைக் கழற்றும்போது வீடு முழுக்க இதமாக இருக்கும். அவர்களுடைய கார் தெருமுனையில் திரும்புகிறபோது நான் அறை அறையாகப் போய்த் திருகிகளைப் பூச்சியத்துக்குத் திருப்பிக்கொண்டிருப்பேன். என்னோடு ஆலையில் வேலை செய்த குணம் இதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மாஸ்ரர் வீட்டிலை சூட்டுக்கும் ரைம்ரேபிள் போட்டிருக்கு, தெரியுமோ? நாங்கள் வெளிக்கிட்ட உடனை மணி அடிச்சு வகுப்பை விட்டிடுவார்!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்காமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பணமில்லாமல் இப்படிச் செய்தேன் என்று யாரும் இரங்க வேண்டாம். இரண்டு பேரும் உழைத்தோம். மற்றத் தமிழர் வீடுகளுக்கு எண்ணெய் லொறி வருவதில் பாதித் தடவைதான் எங்கள் வீட்டுக்கு வரும் என்று சபையில் சொல்லிக்காட்டுவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசிக்காகத்தான் என் பிள்ளை இரண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கி துப்புரவாக்குகிறவர் வருவார். உடம்பெல்லாம் கறுப்பு உடுப்பு, தோளில் சுருட்டிய கம்பித் தூரிகை, நகங்களிலும் கழுத்து மடிப்பிலும் புகைக்கரி. இந்த நாட்டில் அது வருடக்கணக்காகப் படித்துத் தேர்வெழுதிப் பழகுகிற தொழில், அவரைக் கண்டால் நல்லது நடக்கும் என்று நினைக்கிறவர்களும் உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்ணுக்குள் இருந்த ஊர்க்கண் அவரை வேறு விதமாகப் பார்த்தது. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்தால் வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தாலேயே போனவர்களுக்கென்று ஊரில் தேநீர் குடிக்க ஒரு தனித் தகரப் பேணி வைத்திருந்தோம். அதை வீட்டுப் பாத்திரங்களோடு கழுவமாட்டோம். கடல் கடந்து, அகதியாக விண்ணப்பித்து, மற்றவர் தயவில் கூரை கிடைத்த பிறகும் அந்தப் பேணியை நான் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இரண்டாவது குளிர்காலத் தொடக்கத்தில் அவர் வந்த அன்று, மனைவி அவருக்கு எங்கள் பீங்கான் கோப்பையில் கோப்பி ஊற்றியபோது நான் அதைக் கையிலிருந்து வாங்கி, பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடதாசிக் கோப்பையில் மாற்றி ஊற்றிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிக் குடித்தார்.

குடித்து முடித்தவர், சன்னல் கண்ணாடிகளின் உட்பக்கத்தில் தண்ணீர் வடிவதைக் காட்டி, மற்ற அறைகளையும் பார்க்கலாமா என்று கேட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தார். வதனியின் அறையில் வெளிச்சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரியை ஒரு சாண் இழுத்து, பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக டேனிஷை மெல்ல மெல்லப் பேசினார். எல்லாத் திருகிகளையும் ஒரே அளவில், மூன்றில் வையுங்கள். ஓர் அறையைக் கொதிக்கவைத்து மற்றதைக் குளிரவிட்டால் ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களை ஐந்து நிமிடம் முழுதாகத் திறவுங்கள், பனி கொட்டினாலும் திறவுங்கள். அந்தத் துணியை எடுங்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே கை போகிற இடம் விடுங்கள். "இது பிள்ளை தூங்குகிற அறை" என்று கடைசியாகச் சொன்னார்.

குளிர்ந்த தம்ளரின் வெளிப்புறத்தில் நீர் ஏன் அரும்புகிறது என்று பதினொரு வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் நான். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும். அவர் போனதும் அந்தக் கடதாசிக் கோப்பையை இரண்டு விரல்களால் நுனியில் பிடித்துக் குப்பையில் போட்டுவிட்டு மனைவியிடம் சொன்னேன்:

"சிமினி கூட்டுறவன் வந்து எனக்கு வெப்பம் படிப்பிக்கிறான்."

"கூட்டுறவனுக்குத் தெரிஞ்சது படிப்பிச்சவருக்குத் தெரியேல்லையே எண்டுதான் நானும் பாக்கிறன்" என்றாள் அவள்.

அடுத்த நாள் கடைக்குப் போய் பிளாஸ்டிக் பூச்சுள்ள சுவர்த்தாள் வாங்கினேன். வதனியையும் கூட்டிக்கொண்டு போனேன்; குதிரைகள் ஓடுகிற தாளை அவள்தான் தெரிந்தெடுத்தாள். சுவரில் அப்போது இருந்தவை கரும்புள்ளிகள் மட்டும்தான், துடைத்துக் காயவிட்டிருந்தால் போயிருக்கும். நான் துடைக்கவில்லை. அதன் மேலேயே பசை தடவிக் குதிரைகளை ஒட்டி, அலுமாரியை முன்பு போலவே தள்ளி இறுக்கினேன். "அப்பா எனக்காக ஒட்டினவர்" என்று அவள் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினாள்.

அவளுக்கு இருமல் அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே தொடங்கியிருந்தது. இந்த முறை அது நெஞ்சுக்குள் இறங்கி விசில் அடித்தது. மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண்மணி என்னிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, இந்த நாட்டு வழக்கப்படி நாற்காலியைப் பிள்ளையின் பக்கம் திருப்பி அவளிடமே கேட்டார்: உன்னுடைய அறையில் சுவர் ஈரமாக இருக்கிறதா, கறுப்பாக ஏதாவது பிடித்திருக்கிறதா?

வதனி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டாலும் டேனிஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, என்ன சொல்லுறது?"

"இல்லை எண்டு சொல்லு."

"நை" என்றாள் மருத்துவரிடம். இல்லை. மருத்துவர் புன்னகைத்தார், பிள்ளைக்குக் கேள்வியை விளக்கினேன் என்று நினைத்திருப்பார். பிறகு அந்த இல்லையைக் கணினியில் பதிந்து, இருமலுக்கு ஒரு பாணி மருந்து எழுதித் தந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டதுண்டு. தமிழருக்கு வீடு வைத்திருக்கத் தெரியாது என்று எழுதிவிடுவார்கள், கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து விசாரிக்க வருவார்கள், இப்படி. எல்லாம் பின்னால் தேடிக் கண்டுபிடித்தவை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றுதான்: ஆம் என்றால் அந்தக் கரிக்கையன் சொன்னது சரியாகிவிடும்.

பெப்ரவரியில் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் அவளுக்கு மூச்சு நின்றது. ஆலைக்குத் தொலைபேசி வந்து நான் ஓடிப்போனபோது அம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகமூடிக்குள் உதடுகள் நீலமாக இருந்தன. ஆஸ்பத்திரியில் ஓரளவு தெளிந்த பிறகு, மனைவி மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனாள், நான் கொஞ்சம் பிந்திப் போனேன். போய்ப் பார்த்தால் அவள் அந்தக் கனமான அலுமாரியைத் தனி ஆளாக நடு அறைக்கு இழுத்துவிட்டு, குதிரைத் தாளை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். தாள் சுவரை விட்டு ஈரச் சத்தத்தோடு உரிந்தது. அதன் பின்புறம் நத்தையின் அடிவயிறு போல வழுவழுத்துக் கிடந்தது. கரும்புள்ளிகள் இப்போது இல்லை. சுவர் முழுவதும் கறுப்பு, அதன் மேல் பச்சையும் சாம்பலுமாக மயிர் முளைத்த திட்டுகள், சுவரடியில் பழுப்புத் தண்ணீர். அலுமாரிக்குள்ளே பின்பலகையில் வதனியின் கோயில் பாவாடை ஒட்டிக்கொண்டு கிடந்தது, இழுத்தபோது பூஞ்சணம் தூளாகப் பறந்தது. அந்தத் தூள் என் உதட்டில் பட்டது. நான் வாளிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இப்ப ஏன் சத்தி எடுக்கிறியள்? பிள்ளை ரண்டு வருசமா இதைத்தானே மூச்சா இழுத்தவள்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னவள் அவள்தான், தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில். நான் பக்கத்தில் நின்றேன். சாரத்தைத் துவாரத்திலிருந்து பிடுங்கினோம், சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்துக் காயவிட்டுப் புதிதாகப் பூசுவித்தோம், எல்லாத் திருகிகளும் மூன்றில் நின்றன, பனியிலும் சன்னல்கள் திறந்தன. சுவர்கள் காய்ந்த பிறகு வீடு சட்டென்று சூடேறியது. நான் பயந்த அளவுக்கு எண்ணெய் கூடவுமில்லை. அடுத்த வருடம் புகைபோக்கிக்காரர் வந்தபோது எங்களிடமிருந்த கோப்பைகளில் ஆகத் திறமானதில் கோப்பி ஊற்றி, தட்டில் வைத்து நானே நீட்டினேன். "நன்றி, இப்போதுதான் குடித்தேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அதற்குப் பிறகும் பல வருடம் வந்தார். ஒருதரம்கூட எங்கள் வீட்டில் கோப்பி குடிக்கவில்லை.

இன்றைக்கு அந்த வீட்டில் அவற்றில் ஒன்றும் இல்லை. பூரைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தாங்கியைத் தோண்டி எடுத்த இடத்தில் புல் வளர்ந்துவிட்டது, புகைபோக்கி மூடப்பட்டுவிட்டதால் யாரும் துப்புரவாக்க வருவதில்லை. முற்றத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று நின்று வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து மெல்ல இரைகிறது. மனைவி காலமாகி மூன்று வருடம். எனக்குப் படியேறுவது கஷ்டமாகிவிட்டதால் வீட்டை விற்கிறோம். வதனி ஓல்போர்க்கிலிருந்து வந்து, அறைகளை ஒதுக்கத் தொடங்குமுன் கைப்பையிலிருந்து மூச்சு மருந்துக் குழலை எடுத்து இரண்டு தரம் இழுத்தாள். அவள் எங்கே போனாலும் அது கூடவே போகிறது.

விற்கிறவர் நிரப்ப வேண்டிய படிவத்தை அவள்தான் மடிக்கணினியில் நிரப்பினாள். கூரை, குழாய், மின்சாரம் என்று டேனிஷில் கேள்வியை வாசிப்பாள், நான் பதில் சொல்வேன். ஒரு கேள்வியில் கை நின்றது. வீட்டில் எப்போதாவது ஈரமோ பூஞ்சணமோ இருந்ததா? அது எப்போதோ திருத்திய சுவர், அதை எழுதிக் கொடுத்து வாங்குகிறவர்களை ஏன் மிரட்ட வேண்டும் என்று தரகர் முதல்நாளே சொல்லியிருந்தார். வதனி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். தமிழில் கேட்டாள்.

"இல்லை எண்டு போடட்டே, அப்பா?"

குரலில் கோபம் இல்லை, நக்கலும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சொல்லை அவள் எங்கே வைத்திருந்தாளோ, வைத்த இடத்திலிருந்து அப்படியே எடுத்துத் தந்தாள்.

கணினியை என் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் டேனிஷ் எழுத்துகளைத் தேடித் தேடிப் பதில் எழுதும் பெட்டிக்குள் அடித்தேன். ஆம். வடக்கு அறை, வெளிச்சுவர், இரண்டு குளிர்காலம். என் மகள் அந்த அறையில் தூங்கினாள். எனக்குத் தெரியும். சொல்லித் தந்தவரை நான் மதிக்கவில்லை. மருத்துவரிடம் நான் — அதற்கு மேல் எவ்வளவு அடித்தும் எழுத்து விழவில்லை.

வதனி எட்டி வாசித்தாள். நெடுநேரம் வாசித்தாள்.

"காணும் அப்பா. அந்தப் பெட்டிக்குள்ளை இவ்வளவுதான் கொள்ளும்" என்று சொல்லி, ஒரு சொல்லையும் அழிக்காமல் அனுப்பினாள்.

கொள்ளாத மிச்சத்தை இங்கே எழுதியிருக்கிறேன்.