அவள் சொன்னதும் நான் சொன்னதும்

எனக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் இருபத்தெட்டு வருடம் எங்கள் இரண்டு பேருக்குமாக என் மனைவிதான் பேசினாள். கரும்பு வெட்ட ஆள் கூப்பிடுவது, பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது, இரண்டு மகள்களின் கல்யாணத்தைப் பேசி முடித்தது, எல்லாம் அவள்தான். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் அப்படி என்று சொல்ல முடியாது. எனக்குப் பிறவியிலேயே கூச்சம். டீக்கடைக்குத் தனியாகப் போனால், "இன்னா, வாயை வூட்டுலயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். கை நடுங்கும், நடை தளரும் என்று சொன்னார்கள். குரல் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது காதைக் கிட்டே கொண்டுபோகிற எனக்கு மட்டும்தான் கேட்கிறது. முகமும் அசைவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "அக்காவுக்கு எம்மேல இன்னா கோவம்? சிரிக்கவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள். அவள் போனதும் என் மனைவி கிசுகிசுப்பாகச் சொன்னாள்: "சிரிச்சா கத பேச ஒக்காந்துடுவா. இதுவே தேவலாம்." அவள் மாறவில்லை. ஆனால் அது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகப் போய்விட்டது.

மாத்திரை மூன்று வேளை. காலை ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. போட்டு அரை மணி நேரத்தில் எழுந்து நடப்பாள், அடுப்புக்கூடப் பற்ற வைப்பாள். மத்தியானம் போடுகிற மாத்திரை மட்டும் மூன்று மணிக்கே விட்டுவிடும். அந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அங்கேயே ஆறரை வரை இருக்க வேண்டியதுதான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை வராது. நடந்து வரும்போது விட்டுவிட்டால் வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். நான் பக்கத்தில் நின்று "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். மூன்றுக்குச் சில சமயம் கால் தூக்குவாள். சில சமயம் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்காரவைப்பேன்.

ஒருநாள் கோமுகி வாய்க்காலில் எங்கள் முறைக்குத் தண்ணீர் வந்தது. மத்தியான மாத்திரையை உரித்து ஒரு தம்ளரில் போட்டு, தண்ணீரும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கழனிக்குப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டரை மணி. மாத்திரை கைநழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் குனிய முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கியும் ஓடிப் போவல, பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் மாத்திரை நேரத்தில் வெளியே போவதில்லை.

டாக்டர் சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சிக்கு வருகிறவர். போன தை மாதம் கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "மூணு மணி விசயத்தைச் சொல்லணும்." எங்கள் முறை வந்தபோது மணி பத்து. காலை மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம். அவள் தானே நடந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டருக்கு அதைப் பார்த்துத் திருப்தி.

"எப்படி இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பரவாயில்லைங்க" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். தலைக்குமேல் மின்விசிறி ஓடியது. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி, "என்ன சொல்றாங்க?" என்றார்.

எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. 'மூணு மணிக்கு மருந்து செத்துப்போவுது, அப்புறம் நான் கல்லுதான்' என்று சொன்னாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அடுத்த ஆள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்குதுன்றாங்க."

அதே மருந்து, மூன்று மாதம் கழித்து வாங்க என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அது நோயா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். மூன்று மணிக்கு வழக்கம்போல அமர்ந்துவிட்டாள். நான் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குமேல் ஒரு வார்த்தை சொன்னாள்: "நான் நல்லா இருக்கறேனாமா?"

அடுத்த ஞாயிறே போயிருக்கலாம். அவளும் கேட்டாள். "மூணு மாசம்னு எழுதியிருக்காரே" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினேன். சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான். என் பயத்துக்காக அவள் தினமும் மூன்றரை மணி நேரம் நாற்காலியில் கிடந்தாள்.

குரலுக்கு ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்கள். காலையில் 'ஆ' என்று சத்தமாக இழுத்து, ஒன்றிலிருந்து இருபது வரை உரக்க எண்ண வேண்டும். அவள் என்னையும் கூட எண்ணச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாக எண்ணினேன்.

"நான் நோவாளி, சத்தம் வரல. ஒனக்கு இன்னாய்யா நோவு?" என்றாள்.

மறுநாளிலிருந்து கொஞ்சம் உரக்க எண்ணினேன். புருஷன் பெண்டாட்டி காலையிலேயே சண்டை போடுகிறோம் என்று தெருவில் பேச்சு. "பேசட்டும், இருவதோட நிறுத்தாத" என்றாள்.

"வாயில வரலன்னா எழுதிக்கினு வா" என்றும் அவளே சொன்னாள். காலண்டரில் கிழிக்கிற தாள்களின் பின்னால் எழுதினேன். இன்று மூன்றுக்கு நின்றது, ஆறே முக்காலுக்கு வந்தது. இன்று வாசற்படியில் ஒரு மணி நேரம். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் இவ்வளவு எழுதியது அப்போதுதான்.

சித்திரையில் மறுபடி போனோம். மீண்டும் காலை நேரம், மீண்டும் அவள் நன்றாக நடந்தாள். டாக்டர் கேட்டார். நான் தாள் கட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு தாளைப் புரட்டிவிட்டு, "உங்க எழுத்து புரியலையே. வாயாலயே சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியது தெரியும், வாய் நகரவில்லை. வாசற்படியில் அவளுக்குக் கால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது பக்கத்தில் அவள் குரல் கேட்டது. டாக்டருக்குக் கேட்டிருக்காது.

"ஒன்னு. ரெண்டு. மூணு."

"மூணு மணிக்கு மருந்து செத்துப்போவுதுங்க" என்றேன். காலையில் எண்ணி எண்ணிப் பழகிய சத்தம், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்புறம் இவங்க கல்லு மாதிரிங்க. ஆறரை வரைக்கும். போன தடவையே சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் என்னை. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்து, ஐந்து வேளையாகப் பிரித்து எழுதினார். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு.

பஸ்ஸில் அவள் சொன்னாள்: "நல்லாதான் கத்தற. மூணு மாசம் எங்க வச்சிருந்த?"

இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என் சட்டைப்பையில் போன் மணி அடிக்கிறது. கழனிக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். வரப்பு பாதி கட்டியிருக்கும்போதே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். ஒரு சாவுக்கோ காதுகுத்துக்கோ போய் உட்கார முடிவதில்லை. வருகிற வருடம் கரும்பு வைக்க முடியுமா என்று தெரியவில்லை. அவள் நாற்காலியில் கட்டுண்டு கிடந்த நேரம் குறைந்திருக்கிறது. குறைந்ததை என் காலில் கட்டிக்கொண்டேன் என்று சில நாள் தோன்றும். தோன்றியதற்காக வெட்கப்படுவேன்.

போன வாரம் நாலரை மணிக்கு அவள் தெருவுக்கு வந்து நின்றாள். அந்த நேரத்தில் அவள் தெருவைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. காய்கறி வண்டிக்காரன் வந்தான். அவள் ஒரு கத்திரிக்காயை நடுங்குகிற கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

"அம்மா இன்னா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டான்.

ஒண்ணுமில்லை என்று வாய்வரை வந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் வண்டி மாதிரியே ஒன் கத்திரிக்காயும் ஓட்டையா கீதுன்றாங்க" என்றேன்.