வீரலட்சுமி படித்த கோடுகள்

தங்கச்சி மாப்பிள்ளை ஜக்கையன் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதற்கு, குவாரியில் வேலை பார்க்கும் அமாவாசை போட்ட வெடிதான் காரணம் என்று சிலமலை ஊரே சொன்னது. ஒன்பது வருஷமாகச் சொல்கிறது. கல்குவாரியில் வெடிக்கு முன் எச்சரிக்கையாக மூன்று விசில் ஊதியது அமாவாசைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திரியில் நெருப்பு வைக்கும் முன்பே பூமி ஆடிவிட்டது. எவன் கேட்டான்? தங்கச்சி வீட்டுக் கதவு அன்றைக்கு அடைத்ததுதான். இப்போது தங்கச்சி மகள் அனுசியாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போகிறது, தாய்மாமன் பேர் இல்லாமல்.

போடிமெட்டுச் சரிவில் பூமி அதிர்வைப் பதிவு செய்கிற கருவி அறை ஒன்று உண்டு. அதைக் கூட்டிப் பெருக்குகிறவள் வீரலட்சுமி. ஐந்தாவது வரை படித்தவள். பதினெட்டு வருஷமாகத் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய், உருளையில் முள் கிறுக்கும் கோட்டைப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டாள். பழைய காகிதத்தைக் குப்பையில் போடச் சொன்னால் போடமாட்டாள். வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்க விரித்துக்கொள்வாள்.

அதே ஜீப்பில் ஏறிய அமாவாசை புலம்பியதைக் கேட்டு, "தேதியச் சொல்லு தம்பி" என்றாள். மறுநாளே காயைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து இரண்டு காகிதங்களை உருவிக்கொண்டு ஜக்கையன் வீட்டுக்கு அமாவாசையை இழுத்துப் போனாள். விரித்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம்.

"என்னக்கா இது, ஜாதகமா?" என்றார் ஜக்கையன்.

"ஒன் சுவத்தோட ஜாதகம். இந்தா, இது வேற நாளு தம்பி போட்ட வெடி. எடுத்த எடுப்புல ஒரே குதி, அப்புறம் அடங்கிருச்சு. இது ஒன் சுவரு விரிஞ்ச நேரம். மொதல்ல சின்னதா மொனங்குது, ரெண்டாவதாத்தான் பேயாட்டம். இது பூமியோட சோலி அப்பு."

உள்ளேயிருந்து தங்கச்சி சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்ப எங்கண்ணன் வெடி. நீங்கதான் நிலநடுக்கம். மொதல்ல மொனகல், பெறகு ஆட்டம்!"

ஜக்கையன் முறைத்தார், முனகினார், தான் முனகியது காதில் விழுந்ததும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "அச்சாபீசுக்குப் போன் போடு. மச்சான் பேரு மேல வரணும்!"

அமாவாசைக்குத் தலைகால் புரியவில்லை. காகிதத்தைக் கொடியாகப் பிடித்துத் தெரு முழுக்கக் குதித்தார். கோழிகள் பறந்தன.

ஜீப்பில் ஒற்றைக் காலை வைத்தபடி வீரலட்சுமி கூப்பிட்டாள்: "தம்பி, நாளையோட எனக்கு வேலை முடியுது. பத்து மணிக்குக் குவாரில வெடி இருக்குல்ல? முள்ளுக்குப் பக்கத்துலயே நிப்பேன். ஒன் குதியப் பாத்துட்டுத்தான் அறையப் பூட்டுவேன். விசில மட்டும் ஒன் மாப்ளைய ஊதச் சொல்லு. இந்தத் தடவ எது விரிஞ்சாலும் பழி அவருக்கே போகட்டும்."