என் கம்பெனியை மூட நானும் கைதூக்கினேன்

தெலுங்கு பேசும் ஊரான உப்பலில் சின்னதாக ஓர் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். எங்கள் பெட்டிகளை வாங்குவது ஒரே ஒரு மருந்து கம்பெனிதான். அவர்களுடைய ஆர்டர் குறைய ஆரம்பித்ததும், முறையாகப் படித்தால் தப்பித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை எம்பிஏ வகுப்பில் சேர்ந்தேன்.

"இந்த வயசுல படிப்பெல்லாம் நக்கோ, வேண்டாங்க. சர்ச்சுக்கும் வரமாட்டீங்களா?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

திண்டாடும் நிறுவனம் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னார் பேராசிரியர். என் யூனிட்டையே பெயர் மாற்றி எழுதிக் கொடுத்தேன். இத்தனை பேர் யோசித்தால் ஒரு வழி பிறக்காதா என்ற நப்பாசைதான்.

வகுப்பே உற்சாகமாக அலசியது. "ஒரே கஸ்டமரை நம்பி எவனாவது தொழில் பண்ணுவானா சார்?" என்று என்னிடமே சிரித்தார் பக்கத்திலிருந்த கோயம்புத்தூர்க்காரர்.

கடைசியில், மூடிவிடலாம் என்பவர்கள் கைதூக்கலாம் என்றார் பேராசிரியர். எல்லாக் கைகளும் எழுந்தன. என் கை மட்டும் இறங்கியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நானும் தூக்கினேன். அப்படித்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. பசிக்கிறது என்றேன்.

மறுநாள் காலை யூனிட்டின் ஷட்டரைத் தூக்கித் திறந்தேன். வேலையாட்கள் நமஸ்தே சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

தொழில் செய்பவனுக்குப் படிப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். என் யூனிட் ஏன் சாகிறது என்று இப்போது தெளிவாக விளக்குவேன். படிப்பதற்கு முன்பு அந்த ஷட்டர் இவ்வளவு கனத்ததில்லை.