மலையைச் சுற்றிய சோதனை ஓட்டம்

எங்கள் பழைய காரின் ஸ்டீயரிங் போன மாதம் ஆட ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்சக்கரத்துப் பக்கம் லொடக் என்று சத்தம். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற மூட்டு, டை ராடு எண்டு, தேய்ந்துவிட்டது. மனிதனுக்கு முழங்கால் போவது போலத்தான். என் மனைவியை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போக அந்தக் காரை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து வரும் தெம்பு அவளுக்கு இருக்காது.

புது மூட்டு டவுனில் கிடைத்தது. ஆனால் கிரிவலப் பௌர்ணமி நெருங்கிவிட்டதால், மூட்டை மாட்டிச் சக்கரத்தை நேராக்கித் தரும் அலைன்மெண்ட் கடையில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார் கடைக்காரர். எனக்கோ மறுநாள் காலையே கிளம்பியாக வேண்டும். நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்கு அலுத்துப்போன நேரத்தில்தான் வரும்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினேன். பழைய மூட்டு துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. சுத்தியால் அடித்து அடித்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒருவழியாகக் கழன்றது. புதியதை மாட்டினேன். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை கொத்தனார் நூலை இழுத்துக் கட்டி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். மனைவி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுச் செய்யக் கூடாதா என்று இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

முடித்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, முதல் ஓட்டமாக மலையைச் சுற்றி வந்தேன். கையை லேசாக விட்டாலும் வண்டி சாலையோடு அழகாகப் போயிற்று. எனக்கு ஒரே பெருமை. கடைக்காரனே தோற்றான் போ என்று வீட்டில் வந்து அளந்தேன். அவள் சிரிக்கக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் டவுன் நெரிசலில் ஒன்றும் தெரியவில்லை. வேலூர் சாலை நேராக விரிந்ததும்தான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. கை கொஞ்சம் தளர்ந்தால் வலப்பக்கம், எதிரே வரும் லாரியைப் பார்த்துப் போகிறது. அப்போதுதான் உறைத்தது. மலை எப்போதும் நமக்கு வலப்பக்கம். கிரிவலப் பாதை முழுக்க வலப்பக்கமாகத்தான் வளைகிறது. வலப்பக்கம் இழுக்கிற வண்டியை அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நேராகப் போகிறது என்று குதித்திருக்கிறேன். இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு புத்தி வரும்?

ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி மெதுவாக ஓட்டினேன். போளூர் வருவதற்குள் மணிக்கட்டு மரத்துவிட்டது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி சரியில்லன்னா திரும்பிடலாங்க,” என்றாள். “எனக்கும் போவ வேணாம்னுதான் இருக்கு. இன்னிக்குன்னு இல்ல. கொஞ்ச நாளாவே.”

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். இந்தப் பாழாய்ப்போன கார் ஓடினால் போதும், அவள் இருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

“நீ இல்லாம என்னால முடியாது,” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, எடுங்க. இன்னிக்குப் போலாம். ஆனா இனிமே கெளம்பறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க.”

கேட்கிறேன் என்றேன். கேட்டால் என்ன சொல்வாளோ என்ற பயத்தோடுதான் வண்டியை எடுத்தேன்.